வாயைத் திறந்தும் பேச முடியாத இடம்

பல் டாக்டரின் நாற்காலியில் படுத்திருப்பவருக்கு ஒரு விசித்திரமான சங்கடம் உண்டு. வாய் முழுதாகத் திறந்திருக்கும். ஆனால் பேச முடியாது. நாக்கின் மேல் கண்ணாடி, கன்னத்துக்குள் பஞ்சு, உதட்டோரத்தில் எச்சிலை உறிஞ்சும் குழாய், முகத்துக்கு நேரே விளக்கு. கால்கள் தலையைவிட உயரத்தில் இருக்கும். இந்தக் கோலத்தில் கிடக்கும் பிரஜையிடம்தான், "ஆறு பல்லில் சொத்தை இருக்கிறது, இரண்டுக்கு ரூட் கெனால் செய்துவிடலாமா?" என்று கேட்கப்படுகிறது. அவரால் "ஆ" என்றுதான் சொல்ல முடியும். அது சம்மதமாக எடுத்துக்கொள்ளப்படுகிறது.

போன வருஷம் எனக்கு நேர்ந்தது இதுதான். மாதுங்காவில் வாங்கிய தட்டையைக் கடித்தபோது கீழ்க் கடைவாய்ப் பல்லில் இருபது வருஷத்துப் பழைய அடைப்பின் ஒரு மூலை பெயர்ந்து வந்துவிட்டது. வலி ஒன்றும் இல்லை. நாக்கு மட்டும் ஓயாமல் அந்த இடத்துக்கே போய்வந்துகொண்டிருந்தது. வீட்டுக்குப் பக்கத்தில் புதிதாகத் திறந்திருந்த, கண்ணாடிக் கதவு போட்ட கிளினிக்குக்குப் போனேன். பரிசோதனை இலவசம் என்று வாசலிலேயே எழுதியிருந்தது. வாய்க்குள் பேனா போன்ற ஒரு கேமராவை விட்டார்கள். எதிரே இருந்த திரையில் என் பல் ஒரு மலையைப் போலத் தெரிந்தது. மலையின் பள்ளத்தாக்குகளில் கறுப்புக் கோடுகள். பார்க்கவே அருவருப்பாக இருந்தது. இத்தனை நாள் இதை வைத்துக்கொண்டா நாலு பேரிடம் சிரித்தேன் என்று தோன்றியது.

பத்தே நிமிஷத்தில் ஒரு மதிப்பீடு அச்சாகி வந்தது. ரூட் கெனால் இரண்டு, 16,000 ரூபாய். அவற்றுக்குக் கேப் இரண்டு, 24,000. அடைப்பு நான்கு, 10,000. பல் சுத்தம் 2,500. ஆக மொத்தம் 52,500. இன்றைக்கே முன்பணம் கட்டினால் பத்து சதவிகிதம் தள்ளுபடி. மாதத் தவணையும் உண்டு. தள்ளுபடி என்ற சொல்லைப் புடவைக் கடையில் கேட்டால் சந்தோஷம் வருகிறது. டாக்டரிடம் கேட்டபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று எழுந்தேன். அரசாங்க அலுவலகங்களில், போலீஸ் ஸ்டேஷனில், ஒரு முறை ஒரு மந்திரியிடம்கூடத் தயங்காமல் கேள்வி கேட்டிருக்கிறேன். அன்று அந்த இளைஞரிடம் "ஏன் இவ்வளவு?" என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டால் அவரைப் பொய்யர் என்று சொன்னதாக ஆகிவிடுமோ என்ற கூச்சம்தான் காரணம்.

இரண்டாவது டாக்டர் செம்பூரில். நிதானமான பெண்மணி. மூன்று அடைப்பு வேண்டும், ஒரு பல்லுக்கு ரூட் கெனால் தேவைப்படலாம், திறந்து பார்த்தால்தான் தெரியும் என்றார். ஆறு மூன்றானது; இரண்டு ஒன்றானது. அப்போதுதான் குழப்பம் முற்றியது. மூன்றாவதாக நகரத்தில் இருக்கும் ஒரு பல் மருத்துவக் கல்லூரியின் புறநோயாளிப் பிரிவுக்குப் போனேன். சீட்டு வாங்க ஒரு வரிசை, படம் எடுக்க ஒரு வரிசை. அரை நாள் போயிற்று. கட்டிய பணம் போக வர ஆன டாக்ஸிச் செலவைவிடக் குறைவு.

அங்கே ஒரு பேராசிரியர், சுற்றிலும் நாலைந்து மாணவர்கள். அவர் முதலில் என் வாயைப் பார்க்கவில்லை. என்னைப் பேச வைத்தார். சூடாகக் குடித்தால் வலிக்கிறதா? வலித்தால் எத்தனை நேரம் நிற்கிறது? ராத்திரியில் தூக்கம் கலைகிறதா? கடித்தால் வலியா? பிறகு பல்லை லேசாகத் தட்டிப் பார்த்தார். பனியாகக் குளிர்ந்த பஞ்சை அந்தப் பல்லில் வைத்தார். சுருக்கென்றது, எடுத்ததும் நின்றுவிட்டது. அதே பஞ்சைப் பக்கத்தில் இருந்த நல்ல பல்லிலும் வைத்து ஒப்பிட்டார். கடைசியில்தான் எக்ஸ்ரே. "நரம்பு நன்றாக இருக்கிறது. உடைந்த அடைப்பை மாற்றினால் போதும். இந்தக் கறுப்புக் கோடுகள் கறை. காபி நிறையக் குடிப்பீர்கள் போலிருக்கிறது. இதோ இந்த ஒன்றுதான் சந்தேகம். ஆறு மாதம் கழித்து வாருங்கள்" என்றார்.

ஒரு மாணவி கேட்டாள்: "ஸார், ஒருவேளை உள்ளே சொத்தை இருந்தால்?" பேராசிரியர் சொன்னார்: "இருந்தால் வளரும், வளர்ந்தால் அடுத்த படத்தில் தெரியும். அப்போது அடைக்கலாம். எடுத்த எனாமலை மட்டும் உன்னால் திருப்பிக் கொடுக்க முடியாது."

ஒரே வாய். மூன்று டாக்டர்கள். மூன்று தீர்ப்பு. வெளியே வந்தபோது முதலில் நிம்மதி, அடுத்து கோபம், மூன்றாவதாக ஒரு சந்தேகம். பேராசிரியர் சொன்னதுதான் சரி என்று எனக்கு எப்படித் தெரியும்? குறைவாகச் சொன்னவர் என்பதால் அவரை நம்புகிறேனா? செலவைக் குறைத்தவரே உத்தமர் என்று நினைப்பதும் ஒரு வகை ஏமாளித்தனம்தான்.

இந்தக் குழப்பம் எனக்கு மட்டும் வந்ததல்ல. வில்லியம் எகன்பர்கர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் இதையே வேலையாக எடுத்துச் செய்தார். தன் பற்களில் என்ன கோளாறு என்பதை முதலில் சொந்த டாக்டரிடம் தெரிந்துகொண்டு, பிறகு அதே பற்களுடன் 28 மாநிலங்களில் 50 பல் டாக்டர்களிடம் போனார். அவருக்குக் கிடைத்த மதிப்பீடுகள் சுமார் 500 டாலரில் ஆரம்பித்து ஏறக்குறைய 30,000 டாலர் வரை போயின. 1997 பிப்ரவரியில் ரீடர்ஸ் டைஜஸ்ட்டில் அந்தக் கட்டுரை வந்தபோது அமெரிக்கப் பல் டாக்டர்கள் கொதித்துப்போனார்கள். அதற்கும் முன்பு, பிரிட்டனில் தேவையற்ற பல் சிகிச்சை பற்றி விசாரிக்க அரசாங்கமே ஷான்ஷீஃப் என்பவர் தலைமையில் ஒரு குழு போட்டது. 1986-இல் வந்த அதன் அறிக்கை, அளவில் சிறிதானாலும் அப்படிப்பட்ட சிகிச்சை நடப்பது உண்மை என்று ஒப்புக்கொண்டது.

எல்லாவற்றையும் திருட்டு என்று தள்ளிவிட முடியாது. பல்லின் பள்ளத்தில் இருக்கும் கறுப்பு, கறையா சொத்தையா என்பதில் நேர்மையான இரண்டு டாக்டர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு வரும். படித்த காலமும் பள்ளியும்கூட முக்கியம். நவீனப் பல் மருத்துவத்தின் தந்தை என்று மதிக்கப்படும் அமெரிக்கர் ஜி.வி.பிளாக் 1915-இல் இறந்தார். சொத்தை இருக்கும் இடத்தோடு நிற்காமல், பின்னால் சொத்தை வரக்கூடிய பக்கத்துப் பள்ளங்களையும் சேர்த்துத் துளைத்து அடைத்துவிட வேண்டும் என்பது அவர் வகுத்த விதி. தலைமுறை தலைமுறையாக டாக்டர்கள் அதைத்தான் மனசாட்சியோடு செய்தார்கள். இன்றைக்குப் பாடம் மாறிவிட்டது. எனாமல் குழி விழாமல் வெளுத்து மட்டும் இருக்கும் ஆரம்ப நிலைச் சொத்தையை ஃபுளோரைடாலும் ஒழுங்காகப் பல் தேய்ப்பதாலும் அங்கேயே நிறுத்திவிடலாம் என்பது இப்போது எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். ஞானப் பல் விஷயமும் அப்படியே. கோணலாக முளைத்திருக்கிறது என்பதற்காகவே, தொந்தரவு தராத ஞானப் பல்லைப் பிடுங்கும் வழக்கத்தை நிறுத்தச் சொல்லி பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2000-இல் வழிகாட்டியது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை எல்லோரும் பல் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும் என்பதையும் அதே அமைப்பு 2004-இல் மாற்றியது. பெரியவர்களுக்கு அவரவர் பல்லின் நிலைமையைப் பொறுத்து 3 மாதம் முதல் 24 மாதம் வரை இடைவெளி இருக்கலாம் என்றது.

ஆனால் கருத்து வேறுபாடு மட்டும்தான் காரணம் என்று சொன்னால் அதுவும் பாதி உண்மைதான். மீதிப் பாதியை எனக்குச் சொன்னவள் என் அத்தை மகனின் பெண். பி.டி.எஸ். படித்தவள். நம் நாட்டில் 300-க்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. பெரும்பாலானவை தனியார் கல்லூரிகள். பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஐந்து வருஷம் படித்து, லட்சக்கணக்கில் கடனோடு வெளியே வருகிறார்கள். சொந்தமாகக் கிளினிக் வைக்க நாற்காலி, எக்ஸ்ரே, வாடகை என்று மறுபடியும் கடன். சாதாரண மருத்துவக் காப்பீட்டில் பல் சிகிச்சை பெரும்பாலும் சேராது. விபத்தில் பல் போனால்தான் பேச்சே எடுப்பார்கள். ஆக நோயாளி தன் பையிலிருந்து கொடுக்கும் பணத்தில்தான் எல்லாம் ஓட வேண்டும்.

இவள் சேர்ந்த இடம் பல கிளைகள் உள்ள ஒரு கிளினிக். காலையில் கூட்டம் போட்டு, நேற்று எத்தனை ரூட் கெனால், எத்தனை கேப் என்று கேட்பார்களாம். "நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை அத்தை" என்றாள். "ஆனால் அடைப்பா, ரூட் கெனாலா என்று சந்தேகமாக இருக்கும் பல் தினமும் வரும். என் சந்தேகம் எப்போதும் ஒரே பக்கமாகச் சாய்வதை ஒருநாள் கவனித்தேன். மாதக் கடைசியில் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே சாய்ந்தது. அந்த வாரமே வேலையை விட்டுவிட்டேன்."

அவள் சொன்ன இன்னொன்றும் என்னை உறுத்தியது. "பார்த்துவிட்டு, ஒன்றும் வேண்டாம், போய் வாருங்கள் என்று சொன்னால் எங்களுக்கு என்ன கிடைக்கும்? இலவசப் பரிசோதனை என்றால் உங்களுக்கெல்லாம் இனிக்கிறது. யோசனை சொல்ல நூறு ரூபாய் கேட்டால் முகம் சுளிக்கிறீர்கள். துளைத்தால்தான் கூலி என்று வைத்தால் எல்லாரும் துளைக்கத்தான் செய்வார்கள்." உண்மைதான். அந்தக் கண்ணாடிக் கதவைப் பார்த்து நான் உள்ளே நுழைந்ததே இலவசம் என்ற எழுத்தைப் பார்த்துத்தான். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லும் டாக்டருக்கும் அடுப்பு எரிய வேண்டும் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

இதோடு நிறுத்தினால், பல் டாக்டர் என்றாலே சந்தேகப்படுங்கள் என்று சொன்னதாக ஆகிவிடும். அப்படிச் சந்தேகப்பட்ட ஒருவர் எங்கள் குடும்பத்தில் இருந்தார். என் பெரியப்பா. கடைக்காரன், டாக்டர், வக்கீல் மூவரும் ஒரே ஜாதி என்பது அவர் சித்தாந்தம். 2011-இல் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றில் சீழ் பிடித்திருக்கிறது, ரூட் கெனால் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் பிடுங்கியாவது விட வேண்டும் என்று அவருடைய பல் டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். பெரியப்பா வீட்டுக்கு வந்து, "என்னையே ஏமாற்றப் பார்க்கிறான்" என்று சிரித்தார். கிராம்புத் தைலம் வைத்தார். வலி மாத்திரை போட்டார். வலி குறைந்தபோது, பார்த்தாயா என்றார். பத்தாவது நாள் தாடைக்குக் கீழே கழுத்து வீங்கியது. எச்சில் விழுங்க முடியவில்லை. அன்றிரவு மூச்சுவிட முடியாமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பல்லின் சீழ் தாடையின் அடித்தளத்தில் பரவி மூச்சுக்குழாயை நெருக்கும் நிலை அது. 1836-இல் அதை விவரித்த லுட்விக் என்ற ஜெர்மன் டாக்டரின் பெயராலேயே அழைக்கிறார்கள். ஒன்பது நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்து பிழைத்து வந்தார். அந்தப் பல் டாக்டரிடம் போய் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அதற்குப் பிறகு அடிக்கடி சொல்வார். கடைசிவரை போகவில்லை.

பெரியப்பாவும் நானும் செய்த தப்பு ஒன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது. இருவருமே டாக்டரிடம் கேட்க வேண்டியதைக் கேட்காமல் வீட்டுக்கு வந்து தீர்மானம் செய்தோம். அவர் அவநம்பிக்கையால் கேட்கவில்லை. நான் கூச்சத்தால் கேட்கவில்லை. என் பல்லில் சீழ் இல்லாதது என் அதிர்ஷ்டம்.

கேட்பதற்குக் கொஞ்சம் விஷயம் தெரிந்திருந்தால் போதும். பல்லுக்கு மூன்று அடுக்கு. மேலே எனாமல், நம் உடம்பிலேயே கடினமான பொருள். அதற்கு உணர்ச்சி கிடையாது. அடுத்து டென்டீன், குளிர்ச்சியோ இனிப்போ பட்டால் கூசுவது இதன் வழியாகத்தான். நடுவில் ரத்தக் குழாயும் நரம்பும் உள்ள கூழ். சொத்தை முதல் இரண்டு அடுக்கோடு நின்றால் அடைப்பு போதும். கூழ் மீள முடியாதபடி வீங்கினாலோ செத்துப்போனாலோதான் ரூட் கெனால். அதற்கு அடையாளங்கள் உண்டு. சூடு பட்டால் வரும் வலி நிமிஷக் கணக்கில் நிற்கும். ஒன்றும் படாமலேயே வலி கிளம்பும், ராத்திரியில் எழுப்பும். தட்டினால் வலிக்கும். ஈறில் கொப்புளம் வரும். வேரின் நுனியைச் சுற்றி எக்ஸ்ரேயில் ஒரு கறுப்பு நிழல் தெரியும். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நரம்பு செத்துப்போன பல் சில சமயம் துளிக்கூட வலிக்காது. வலி இல்லை என்பதே ஆரோக்கியத்துக்கு அத்தாட்சி ஆகிவிடாது. அதனால்தான் குளிர்ந்த பஞ்சும் எக்ஸ்ரேயும் தேவைப்படுகின்றன. வாய்க்குள் விடும் கேமரா மேல்தோற்றத்தைப் பெரிதாக்கிக் காட்டும். உள்ளே நரம்பு எப்படி இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

ஆகவே நாற்காலியை நிமிர்த்தச் சொல்லுங்கள். எழுந்து உட்கார்ந்து, வாயைக் கொப்பளித்துவிட்டு, டாக்டரின் முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். எந்தப் பல், எக்ஸ்ரேயில் எங்கே தெரிகிறது, எனக்குக் காட்ட முடியுமா? நரம்பைச் சோதித்துப் பார்த்தீர்களா? மூன்று மாதம் பொறுத்தால் என்ன ஆகும்? இதைவிடச் சின்ன வைத்தியம் ஏதாவது உண்டா? படத்தையும் மதிப்பீட்டையும் எடுத்துக்கொண்டு போய் இன்னொருவரிடம் காட்டட்டுமா? நல்ல டாக்டர் இந்தக் கேள்விகளால் புண்படமாட்டார். பெரும்பாலும் சந்தோஷமே படுவார். தாமதித்தால் ஆபத்து என்றால், ஏன் ஆபத்து என்பதையும் அவரால் சொல்ல முடியும். வீக்கமோ காய்ச்சலோ இருந்தால், வாயைத் திறக்கவோ விழுங்கவோ கஷ்டமாக இருந்தால் அது இரண்டாவது யோசனை கேட்கும் நேரமல்ல. உடனே சிகிச்சைக்குப் போக வேண்டும். கேள்வியைக் கேட்டதும் முகம் மாறி, தள்ளுபடி இன்றோடு முடிகிறது என்பவரிடமிருந்து மரியாதையாக எழுந்து வந்துவிடலாம். இரண்டாவது டாக்டரிடம் போகும்போது முதல்வர் என்ன சொன்னார் என்பதை உடனே சொல்லாமல், அவரை முதலில் பார்க்கவிடுவது நல்லது. அவருடைய யோசனைக்கு உரிய கட்டணத்தைச் சுளிக்காமல் கொடுப்பது அதைவிட நல்லது.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. பணம் கொடுத்துப் பெறும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்கு உட்பட்ட சேவைதான் என்று சுப்ரீம் கோர்ட் 1995 நவம்பரில் வி.பி.சாந்தா வழக்கில் தீர்ப்பளித்தது. பழைய சட்டத்தின் இடத்தில் 2019-ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகும் அந்த நிலை மாறவில்லை. 2008-இல் சமீரா கோலி வழக்கில் அதே கோர்ட், என்ன சிகிச்சை, அதில் என்ன ஆபத்து, மாற்று வழி என்ன என்பதையெல்லாம் சொல்லிப் பெறுவதுதான் சம்மதம் என்றது. நோயைக் கண்டறியும் சோதனைக்குக் கொடுத்த சம்மதம் சிகிச்சைக்குக் கொடுத்த சம்மதம் ஆகாது என்றும் சொன்னது. தேசிய மனித உரிமைக் கமிஷன் 2018-இல் தயாரித்த நோயாளிகள் உரிமைப் பட்டியலில் 17 உரிமைகள் இருக்கின்றன. இரண்டாவது யோசனை கேட்பதும், நம் மருத்துவப் பதிவுகளைப் பெறுவதும் அவற்றில் உண்டு. ஆக நாற்காலியில் படுத்துக்கொண்டு நாம் சொல்லும் "ஆ"வுக்குச் சட்டத்தில் மதிப்பில்லை.

இதையெல்லாம் எழுதிக்கொண்டே வரும்போது ஒரு விஷயத்தை விட்டுவிடலாமா என்று யோசித்தேன். விட்டால் இந்தப் பத்திக்கு அர்த்தம் இல்லை.

எங்கள் வீட்டில் சமையலுக்கு ஒரு பாயி வருகிறாள். மராத்தியில் அப்படித்தான் கூப்பிடுகிறோம். அவளுக்கு நான் தாயி. என் பல் விவகாரம் முடிந்து இரண்டு மாதம் இருக்கும். ஒருநாள் 4,000 ரூபாய் முன்பணம் கேட்டாள். பதினோரு வயது மகளுக்குப் பல் வலியாம். கீழே இரண்டு கடைவாய்ப் பல்லிலும் நரம்புக்கு வைத்தியம் செய்து ஸ்டீல் கேப் போட வேண்டுமாம். மொத்தம் 9,000. மீதிக்கு இன்னொரு வீட்டில் கேட்டிருக்கிறாள். நான் அவசரமாக எங்கோ கிளம்பிக்கொண்டிருந்தேன். பணத்தை எண்ணிக் கொடுத்தேன். சம்பளத்தில் மாதம் 500 பிடித்துக்கொள்ளச் சொன்னாள், சரி என்றேன். என் பல்லுக்கு மூன்று டாக்டரிடம் ஏறி இறங்கியவள், அந்தக் குழந்தையின் பல்லைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

ஐந்து மாதம் கழித்து பாயி ஒரு செய்தித்தாள் துண்டைப் பிரித்துக் காட்டினாள். உள்ளே கேப்போடு ஒரு பல். மகள் சப்பாத்தி தின்னும்போது தானாகவே விழுந்துவிட்டதாம். அது பால் பல். பால் கடைவாய்ப் பற்கள் பத்து வயதிலிருந்து பன்னிரண்டுக்குள் தாமாகவே விழும். கையில் எடுத்துப் பார்த்தேன். வேர் என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை. அடியில் வரும் புதுப் பல் அதைக் கரைத்துவிட்டிருந்தது. ஐந்து வயதுக் குழந்தைக்கு அந்தச் சிகிச்சை அவசியமாக இருக்கலாம், புதுப் பல்லுக்கு இடம் காக்க வேண்டும். பதினோரு வயதில், ஒரு எக்ஸ்ரே எடுத்திருந்தால் தெரிந்திருக்கும். வலி தாங்க முடியாவிட்டால் அதைப் பிடுங்கியே இருக்கலாம். பாயி அந்த ஸ்டீல் தொப்பியைக் காட்டிக் கேட்டாள்: "தாயி, இதுக்கு ஏதாவது விலை கிடைக்குமா?"

அதற்குமேல் அவள் சம்பளத்தில் நான் பிடிக்கவில்லை. பிடித்திருந்ததையும் கொடுத்துவிட்டேன். அதனால் எதுவும் சரியாகிவிட்டதாக நான் நினைக்கவில்லை. கேள்வி கேட்க எனக்கே கூச்சம் என்றால் அவளுக்கு எப்படி வரும்? டாக்டர் சொன்னார், இவள் கடன் வாங்கினாள். நடுவில் கேட்கக்கூடிய ஒரே ஆள் நான்தான்.

சென்ற மாதம் அவளுடைய எட்டு வயதுப் பையனுக்குப் பல்லில் சொத்தை என்றாள். இந்த முறை நானும் கூடப் போனேன். வேறு டாக்டர், சின்ன அறை, கண்ணாடிக் கதவு இல்லை. ஒரு பல்லை அடைக்க வேண்டும் என்றார் அவர். நான் வாயைத் திறப்பதற்குள் பாயி கேட்டுவிட்டாள்: "டாக்டர் சாகேப், இது விழுகிற பல்லா, நிலைக்கிற பல்லா?"

டாக்டர் எக்ஸ்ரேயை விளக்கின் முன்னால் பிடித்து அவளைப் பக்கத்தில் கூப்பிட்டார். ஆறு வயதில் எல்லாவற்றுக்கும் பின்னால் முளைக்கிற கடைவாய்ப் பல் இது. பால் பல் எதுவும் விழாமலே வருவதால் இதையும் பால் பல் என்று நினைத்து நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். இது போனால் இன்னொன்று முளைக்காது என்று விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னார். சொத்தை நரம்புக்கு எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்பதையும் காட்டினார். பாயி படத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அப்படியானால் அடைத்துவிடுங்கள்" என்றாள்.